சட்டை மாற்றும் மோட்டார்கள்

எந்தப் பல்கலைக்கழகத்தின் மோட்டார் நிறுத்துமிடத்திலும் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். முகப்பு விளக்கும் பக்கவாட்டு உறைகளும் 2019இல் வெளிவந்த மாடலைச் சேர்ந்தவை. ஆனால் பதிவு எண்ணைப் படித்தால் வண்டி 2016க்கு முன்பே சாலைக்கு வந்தது என்று தெரியும். எண் பொய் சொல்லாது. முகம்தான் மாறியிருக்கிறது. ஒரு மாடலின் மேலுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு, வேறொரு மாடலின் உறைகளை மாட்டிவிட்டார்கள். இதைப் பட்டறையில் 'கவர் செட் மாற்றுவது' என்பார்கள். நான் 'சட்டை மாற்றுவது' என்பேன்.

இவ்விதழின் ஆசிரியர் குழுவிலிருந்து என்னை அழைத்த தங்கை, "அண்ணே, மோட்டாரைப் பத்தித் தமிழ்ல எழுத முடியுமா?" என்று கேட்டார். ஏன் முடியாது? விசையுந்து, மேலுறை, அடிச்சட்டம் என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. ஆனால் கிள்ளானில் என் மாமாவின் பட்டறையில் போய் "அடிச்சட்டத்தைக் காட்டுங்கள்" என்றால் மாமாவே திரும்பிப் பார்க்க மாட்டார். அங்கே அது 'ஃபிரேம்'. புகைபோக்கிக் குழாய் 'எக்சோஸ்'. உறையை ஃபிரேமோடு இணைக்கும் துளையுள்ள நீட்சிக்கு மட்டும் அழகான ஒரு தமிழ்ச் சொல் வைத்திருக்கிறார்கள்: காது. "காது உடைஞ்சு போச்சுடா" என்றால் உறையின் காதுதான், உங்கள் காது அல்ல! ஆகவே இக்கட்டுரையில் இரண்டு வகைச் சொற்களும் கலந்தே வரும். பொறுத்தருள்க.

நம் நாட்டில் இந்தச் சட்டை மாற்றம் இவ்வளவு பரவியதற்குக் காரணம் நாம் ஓட்டும் வண்டியின் அமைப்பு. 'கப்சாய்' என்ற சொல்லே ஹோண்டாவின் 'கப்' என்ற பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து உருவானது. ஹோண்டா சூப்பர் கப் 1958இல் ஜப்பானில் வெளிவந்தது. அதன் ஃபிரேம் பெரிய மோட்டார்களைப் போல இயந்திரத்தைச் சுற்றிக் கட்டிய கூண்டு அல்ல. கழுத்திலிருந்து கீழே வளைந்து இருக்கைக்கு அடியில் செல்லும் ஒரே முதுகெலும்பு. ஓட்டுபவர் காலைத் தூக்கிப் போடாமல் நடுவில் நுழைந்து உட்காரலாம். அந்த முதுகெலும்பை மறைக்கவும், காலில் காற்றும் சேறும் படாமல் தடுக்கவும் பிளாஸ்டிக்கில் ஒரு முன் கவசம் வைத்தார்கள். இந்த வகை மோட்டாரின் மேலுறை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 2017இல் இந்தக் குடும்பத்தின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது. பிறகு வந்த யமஹா, சுசுகி கப்சாய்களும், 1996இல் கெடா மாநிலத்தின் குரூனிலிருந்து வந்த நம் மொடெனாஸ் கிரிஸ்ஸும் இதே உடலமைப்பைக் கொண்டவைதான்.

எடையைத் தாங்குவது முதுகெலும்பு, உறை தாங்குவதில்லை. ஆகவே உறையை முழுவதும் கழற்றிப் போட்டாலும் வண்டி ஓடும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர், "அது வெறும் பிளாஸ்டிக்தானே, எதை வேண்டுமானாலும் மாட்டலாம்" என்று நினைக்கிறார்கள். இங்கேதான் நான் அவர்களோடு மாறுபடுகிறேன். உறை எடையைத் தாங்குவதில்லை என்பது உண்மை. ஆனால் அது வேலை செய்கிறது. நீரால் குளிரும் இயந்திரமுள்ள கப்சாய்களில் ரேடியேட்டர் முன்சக்கரத்துக்குப் பின்னால், முன் உறைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் காற்றைத் திருப்பிவிடுவது அந்த உறைகளின் வளைவுதான். சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீர் மின் இணைப்புகளில் படாமல் காப்பது உள் உறை. பின்விளக்கும் எண் பலகையும் தொங்குவது வால் உறையில். சட்டையை மாற்றும்போது இத்தனை வேலைகளையும் புதுச் சட்டை செய்யுமா என்று பார்க்க வேண்டும்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் புரியாது. சென்ற ஆண்டு எங்கள் கையில் வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன்.

நம் தமிழ்க் கழகத்துத் தம்பி ஒருவர் யமஹா ஒய்15இசட்ஆர் வைத்திருக்கிறார். இதை 'ஒய் சுக்கு' என்று செல்லமாக அழைப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மலாயில் சுக்கு என்றால் கால் பங்கு. 15 நிமிடம் கால் மணி நேரம் அல்லவா! 2015இல் வந்த முதல் மாடல் அது. தினமும் கிள்ளானிலிருந்து வளாகத்துக்குப் போகவர அறுபது கிலோமீட்டர். மாலையில் அதே வண்டியில் உணவு விநியோகம். கல்விக் கடன் கட்டணத்துக்கே சரியாகிவிடுவதால், சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அந்த மாலை வருமானம்தான். ஒரு மழை நாளில் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில் வழுக்கி விழுந்தார். நல்லவேளை, முழங்கை சிராய்ப்போடு போயிற்று. வண்டியின் இடப்பக்க உறைகள், முன் விளக்கு, மீட்டர் எல்லாம் நொறுங்கிவிட்டன. ஃபிரேமுக்கும் ஃபோர்க்குக்கும் சேதமில்லை என்று மாமா சரிபார்த்துச் சொன்னார்.

இத்தனை பாகங்களையும் பழைய மாடலிலேயே வாங்குவதா, அல்லது 2019இல் வந்த இரண்டாம் மாடலின் முழுச் சட்டையைப் போடுவதா என்பதே கேள்வி. தம்பிக்கு எதில் ஆசை என்று சொல்ல வேண்டியதில்லை. "அண்ணே, எப்படியும் காசு போகுது. புது முகமே போட்டுரலாம்ணே" என்றார். கூட வந்திருந்த அவருடைய அப்பா லாரி ஓட்டுநர். அவர் என்னிடம், "அழகெல்லாம் இருக்கட்டும் தம்பி. ரோட்டுல புடிச்சா யாரு பதில் சொல்றது? பாதி வழியில நின்னா இவன் வேலைக்கு எப்படிப் போவான்?" என்றார். இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் தேடித்தான் வேலையைத் தொடங்கினோம்.

முதலில் பார்க்க வேண்டியது உறவுமுறை. இரண்டு மாடல்களுக்கும் எலும்புக்கூடு ஒன்றா? ஒய்15இன் இரண்டாம் மாடலில் எல்.இ.டி. விளக்கு, முழு டிஜிட்டல் மீட்டர், கூர்மையான உறைகள் எல்லாம் புதியவை. இயந்திரமும் ஃபிரேமும் அடிப்படையில் பழையவையே. ஆகவே பெரும்பாலான காதுகள் அதே இடத்தில் வந்து உட்காரும். அதற்கடுத்து வந்த ஒய்16 அப்படியல்ல. அதன் இயந்திரம் 155 சிசி. பெட்ரோல் தொட்டி 5.4 லிட்டர், ஒய்15இல் 4.2 லிட்டர். தொட்டியின் அளவே வேறு என்றால் அதைச் சுற்றியுள்ள இடமும் வேறு என்று பொருள். ஒய்15க்கு ஒய்16 சட்டை போட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அது தைத்துப் போட்ட சட்டை. நிறைய வெட்டி ஒட்டியிருப்பார்கள். தினமும் வேலைக்குப் போகும் வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாமாவின் விதி இன்னும் சுருக்கம்: "பிளாஸ்டிக்க வெட்டலாம், பிராக்கெட்ட வெட்டலாம். ஃபிரேம்ல கத்தி வைக்கக் கூடாது." ஃபிரேமைத் துளையிட்டாலோ வெல்டிங் செய்தாலோ அந்த இடத்தில் உலோகத்தின் வலிமை மாறிவிடும். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

அடுத்தது, எதை அசலாக வாங்குவது, எதைப் போலியில் வாங்குவது. கையில் காசு குறைவு. பக்க உறைகளையும் வால் உறையையும் மாற்றுத் தயாரிப்பில் வாங்கினோம். விளக்கையும் மீட்டரையும் மட்டும் அசலாகவே வாங்கினோம். உறை சரியில்லை என்றால் இடைவெளி தெரியும், ஆடும், அவ்வளவுதான். மலிவு விளக்கு இரவில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைத்துவிட்டு நம் சாலையை இருட்டாக விட்டுவிடும். அதிலும் 1992 முதல் நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன் விளக்கைப் போட்டே ஓட வேண்டும். ஓய்வே இல்லாமல் எரியும் பொருளில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி.

உறை வந்ததும் தம்பி நேராகச் சாயப் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். நான் தடுத்தேன். சாயம் கடைசி. முதலில் வெறும் உறையை மாட்டிப் பார்க்க வேண்டும். மாற்றுத் தயாரிப்பு உறைகளில் காதுகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருப்பது சாதாரணம். எல்லாத் திருகுகளையும் பாதி மட்டும் முடுக்கி, முழு உறையும் அமர்ந்த பிறகே இறுக்க வேண்டும். ஒரு மூலையை இறுக்கிவிட்டு மறுமூலையை இழுத்துக் கட்டினால் இன்று உட்காரும். இரண்டு வாரத்தில் அதிர்வில் காது உடையும். இழுத்துக் கட்ட வேண்டிய நிலை வந்தால் துளையை நீள்வட்டமாக அராவிக்கொள்ளலாம். பழைய உறையில் இருந்த ரப்பர் புஷ்களை எறிந்துவிடாதீர்கள். அதிர்வை விழுங்குவது அவைதான். புதுச் செட்டோடு பெரும்பாலும் அவை வருவதில்லை.

பிளாஸ்டிக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உறையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் சிறிய எழுத்தில் ஏ.பி.எஸ். என்றோ பி.பி. என்றோ அச்சிட்டிருக்கும். சாயம் பூசிய வெளி உறைகள் பெரும்பாலும் ஏ.பி.எஸ்.; கறுப்பு உள் உறைகள் பெரும்பாலும் பி.பி., அதாவது பாலிபுரோப்பிலீன். ஏ.பி.எஸ். அசிட்டோனில் கரையும். உடைந்த பழைய உறையின் துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்தால் கூழ் கிடைக்கும். அதே வகை உறையில் உடைந்த காதை அந்தக் கூழால் ஒட்டினால் பசை போட்டதுபோல் இருக்காது. பொருளோடு பொருளாகவே சேர்ந்துவிடும். (காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குத் தொலைவில் செய்யுங்கள்!) தம்பியின் நொறுங்கிய உறைகள் இப்படித்தான் புது உறையின் இரண்டு காதுகளுக்கு உயிர் கொடுத்தன. பி.பி.யிடம் இந்த வித்தை பலிக்காது. அதற்கென்று உள்ள பிரைமரைப் பூசாமல் சாயம் அடித்தால் நகத்தால் சுரண்டினாலே உரிந்து வரும்.

மின்சாரத்தில் அவசரம் ஆகாது. பழைய கப்சாய்கள் பலவற்றில் முன் விளக்குக்கு இயந்திரத்தின் சுருளிலிருந்து நேராக மாறுதிசை மின்சாரம் போகும். இயந்திரத்தை முறுக்கினால் விளக்கு பிரகாசிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். எல்.இ.டி.க்கு நிலையான நேர்திசை மின்சாரம் வேண்டும். எந்த வண்டியானாலும் மல்டிமீட்டரை வைத்து அளந்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும். திசைகாட்டி விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றினால், பழைய ஃபிளாஷர் குறைந்த மின்னோட்டத்தைப் பார்த்து பல்பு போய்விட்டதாக நினைத்துப் படபடவென்று அடிக்கும், அல்லது அடிக்கவே அடிக்காது. எலெக்ட்ரானிக் ஃபிளாஷர் ஒன்று வாங்கிப் போட்டால் தீர்ந்தது. வயரை வெட்டி முறுக்கி டேப் ஒட்டுவதை மாமா பட்டறையில் அனுமதிப்பதில்லை. இணைப்பான்களைப் போட்டே சேர்த்தோம். வேலை ஒரு நாள் கூடுதலாக ஆனது. ஆனால் "பாதி வழியில நின்னா?" என்ற அப்பாவின் கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. சட்டை மாற்றிய வண்டி நடுவழியில் நிற்பதற்கு அநேகமாக வயர்தான் காரணமாக இருக்கும்.

மீட்டரை மாற்றும்போது ஓடிய தூரமும் மாறிவிடும். டிஜிட்டல் மீட்டரில் அந்தக் கணக்கு மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. பழைய மீட்டரின் எண்ணையும் மாற்றிய தேதியையும் எழுதிப் படம் எடுத்து வைக்கச் சொன்னேன். எண்ணெய் மாற்றும் கணக்குக்கும் அது வேண்டும். நாளை வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் காட்டவும் வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு செய்யும் சோதனைகள் சில. சொந்த வண்டியில் இன்றே நீங்களும் செய்து பார்க்கலாம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, ஹேண்டலை முழுக்க இடமும் வலமும் திருப்புங்கள். இயந்திரத்தின் ஓசை ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் எங்கோ உறையில் சிக்கி இழுபடுகிறது. வளைவில் திரும்பும்போது வண்டி தானாகப் பாய்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சட்டை மாற்றிய வண்டிகளில் நான் மிகவும் அஞ்சுவது இந்த ஒன்றைத்தான். பிறகு இருவர் ஏறி உட்கார்ந்து முன்னும் பின்னும் அமுக்க வேண்டும். முன் மட்கார்ட் உறையில் இடிக்கிறதா, பின் டயர் உள் உறையை உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து விளக்கின் உயரம். ஐந்து மீட்டர் தள்ளிச் சுவரில் அடித்து, ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிடச் சற்றுக் கீழே விழுமாறு திருக வேண்டும். கடைசியாக வெப்பம். அரை மணி நேரம் நெரிசலான சாலையில் ஓட்டிவிட்டு வந்து, எக்சோஸுக்கு அருகில் உறை இளகியிருக்கிறதா, ரேடியேட்டர் விசிறி ஓயாமல் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். மலிவுச் செட்டுகளில் ரேடியேட்டருக்குக் காற்றைத் திருப்பும் உள் தகடு இல்லாமல் வருவதுண்டு. தம்பியின் செட்டிலும் இல்லை. பழைய உறையில் இருந்ததையே எடுத்துப் பொருத்தினோம்.

பெரிய மோட்டார்களில் இதே ஆசை வேறு உருவில் வரும். உறையில்லாத வண்டிக்குப் பந்தய வண்டியின் முழு உறை! இதைத் தொழிற்சாலைகளே செய்கின்றன. கவாசாக்கி நின்ஜா 250உம் இசட்250உம் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொண்டவை. மொடெனாஸ் 2017இல் கொண்டுவந்த பல்சர் என்எஸ்200, ஆர்எஸ்200 இரண்டும் அப்படித்தான். அண்ணன் சட்டையில்லாமல் நிற்கிறான், தம்பி கோட்டு போட்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அண்ணனுக்குக் கோட்டு மாட்டுவது எளிதுதானே? இல்லை. உறையில்லாத வண்டியில் முன் விளக்கு ஃபோர்க்கோடு சேர்ந்து ஹேண்டலுடன் திரும்பும். முழு உறை வண்டியில் விளக்கும் உறையும் ஃபிரேமில் பிடித்திருக்கும், திரும்பாது. ஆகவே ஃபிரேமின் கழுத்திலிருந்து முன்னால் நீளும் தாங்கி ஒன்று வேண்டும். உயரமான ஹேண்டல் திரும்பும்போது உறையில் இடிக்கும். அதையும் தாழ்த்த வேண்டும். ஹேண்டலைத் தாழ்த்தினால் கேபிள்களின் நீளம் மாறும். பக்கக் காற்று அடிக்கும்போது உறை பாய்போல் இழுக்கும். இத்தனை வேலைக்கு ஆகும் செலவில், உறையுள்ள வண்டியையே பழையதாக வாங்கிவிடுவது மேல் என்பது என் கணக்கு.

இனி அப்பா கேட்ட முதல் கேள்வி. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனங்களின் அமைப்பு, பயன்பாடு பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகளும்தான் இதற்கு அடிப்படை. வண்டியின் பதிவில் உள்ள விவரம் மாறினால் ஜே.பி.ஜே.க்குத் தெரிவிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது நிறத்தில். நீல வண்டிக்குச் சிவப்புச் சட்டை போட்டுவிட்டு, கெரானில் நீலம் என்றே விட்டுவிடுவார்கள். தம்பியின் வண்டி பதிவில் நீலம். புதுச் சட்டையையும் நீலத்திலேயே அடித்தோம். அவருக்குக் கறுப்பின் மேல்தான் கண் இருந்தது. அப்பா ஒரே பார்வையில் அதை முடித்துவைத்தார். எண் பலகையைச் சிறிதாக்கி வாலுக்கடியில் ஒளிப்பது, பின் மட்கார்டை வெட்டுவது, விளக்கைக் கறுப்பாக்குவது போன்றவை சம்மனைத் தேடி அழைப்பதற்குச் சமம். அவற்றைத் தொடவே இல்லை. காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுவது நல்லது. கப்சாய் வைத்திருக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் எடுப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான். அது எதிராளியின் இழப்புக்குத்தான் பணம் தரும். உங்கள் புதுச் சட்டைக்கு ஒரு சென்னும் தராது. சிங்கப்பூரில் இருக்கும் நம் முன்னாள் மாணவர்கள் இவற்றையெல்லாம் அப்படியே பின்பற்ற வேண்டாம். அங்கே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் தனி.

தம்பிக்கு மொத்தம் 1,400 ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆனது. மாமா கூலி வாங்கவில்லை. பதிலாக இரண்டு சனிக்கிழமை பட்டறையைக் கூட்டச் சொன்னார். கழற்றிய பழைய பாகங்களில் உடையாமல் தப்பிய வலப்பக்க உறைகளை ஒரு பெட்டியில் கட்டி, திருகுகளைத் தனித்தனிப் பையில் போட்டு, எது எந்த இடத்துக்கு என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். முதல் மாடல் உறைகளைத் தேடிப் பட்டறைக்கு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யாருக்காவது வேண்டுமென்றால் ஆசிரியர் குழுவிடம் சொல்லுங்கள். வலப்பக்கம் மட்டும்தான் இருக்கிறது.